நெஞ்சு வலிக்கும்போது மணிக்கட்டை அழுத்தினால் போதுமா?

காலை ஆறரை மணி. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஓசூர் சிப்காட்டிலிருந்து கிளம்பி ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஜன்னலோரம் நாற்பத்தெட்டு வயது ஃபிட்டர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மார்கழிப் பனி. பக்கத்து இருக்கைக்காரர் ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் போட்டும் நடுங்குகிறார். இவருக்கோ நெற்றியெல்லாம் வியர்வை. நெஞ்சின் நடுவில் யாரோ கல்லைத் தூக்கி வைத்த மாதிரி கனம். கூடவே குமட்டல்.

“கேஸா இருக்கும்ணா. ராத்திரி கேன்டீன்ல புளிசாதம் சாப்பிட்டீங்கல்ல?” என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். சொல்லிக்கொண்டே போனை எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோவைத் தேடிப் பிடிக்கிறார். “இங்க பாருங்க. மணிக்கட்டுல இருந்து மூணு விரல் தள்ளி அழுத்துனா நெஞ்சு வலி அஞ்சு நிமிஷத்துல போயிடுமாம். சைனா வைத்தியம்ணா.”

ஃபிட்டர் அழுத்துகிறார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். குமட்டல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கிறது. “பரவால்ல” என்று சொல்லிவிட்டு, தன் ஸ்டாப்பில் இறங்கி, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஓசூர், சூளகிரி, பர்கூர் என்று எந்தப் பக்கம் ஓடும் ஷிப்ட் பஸ்ஸிலும் நாளைக் காலையே நடக்கக்கூடியது. இதில் அவர் மணிக்கட்டை அழுத்தியது தவறா? இல்லை. அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனதுதான் தவறு. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு குடும்பமே பிழைக்கும்.

எல்லைச் சாவடி என்று ஒரு புள்ளி

வீடியோவில் காட்டும் அந்த இடம் ஏமாற்று வேலை அல்ல. சீன மருத்துவத்தில் அதற்கு ‘நெய்குவான்’ என்று பெயர். ‘நெய்’ என்றால் உள்ளே. ‘குவான்’ என்றால் காவல் வாயில், எல்லைச் சாவடி. பெங்களூரு போகும் வழியில் ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் தாண்டிப் போகிறவர்களுக்கு, இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீன மருத்துவ நூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ காலத்திலிருந்தே இதயத்தை அரசனாகப் பார்ப்பது அவர்கள் வழக்கம். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை, அரசனைக் காக்கும் காவலன். வெளியிலிருந்து வரும் தாக்குதலை முதலில் அதுதான் தாங்கும் என்பது நம்பிக்கை. அந்த இதய உறைக்கு உரிய சக்திப் பாதை நெஞ்சில் தொடங்கி, கையின் உள்பக்கம் வழியாக நடுவிரல் நுனி வரை போகிறதாம். அந்தப் பாதையில் மணிக்கட்டுக்கு அருகில் இருக்கும் சாவடிதான் நெய்குவான்.

அதே பாதையில், உள்ளங்கையின் நடுவில் இன்னொரு புள்ளி உண்டு. கையை மடக்கினால் நடுவிரல் நுனி தொடும் இடம். அதன் பெயர் ‘லாவோகாங்’, அதாவது ‘உழைப்பின் மாளிகை’. நாள் முழுக்க ஸ்பேனரும் சுத்தியலும் பிடிக்கும் கைகளுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படி அழுத்துவது?

இடது உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நீட்டுங்கள். வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மணிக்கட்டு ரேகையை ஒட்டிக் குறுக்காக வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், கையின் நடுவே இரண்டு நரம்பு மாதிரி கயிறுகள் ஓடும். அவை உண்மையில் தசைநாண்கள். அவற்றுக்கு நடுவில் இருக்கும் பள்ளம்தான் நெய்குவான்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் தசைநாண்கள் எழும்பித் தெரியும். சிலருக்கு ஒன்று மட்டும்தான் தெரியும். பிறவியிலேயே சிலரது கை அப்படித்தான் அமைந்திருக்கும். பயப்பட வேண்டியதில்லை.

வலது கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து, மிதமாக அழுத்தி, சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு கைக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடம். பிறகு அடுத்த கை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். விரல்களில் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்றால், அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு நேர் கீழே கையின் நடு நரம்பு ஓடுகிறது.

தூக்கம் கெட்டவர்களுக்குச் சீன மருத்துவர்கள் சொல்லும் இன்னொரு புள்ளி ‘ஷென்மென்’. மணிக்கட்டு ரேகையிலேயே, சுண்டுவிரல் பக்கம், பட்டாணி மாதிரி தட்டுப்படும் சின்ன எலும்பை ஒட்டிய பள்ளம் அது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கப் போகும்முன் இதையும் ஒரு நிமிடம் தேய்த்துவிடலாம்.

இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை. ஆனால், சிலருக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு:

• டயாலிசிஸுக்காக கையில் ரத்தக்குழாய் இணைப்பு செய்தவர்கள் அந்தக் கையை அழுத்தக் கூடாது.

• ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அழுத்தினால் எளிதில் கன்றிப்போகும். லேசாகத் தடவினால் போதும்.

• பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மின்சாரத்தால் புள்ளிகளைத் தூண்டும் கருவிகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

• வீடியோவில் யார் சொன்னாலும் கழுத்தின் பக்கவாட்டில், துடிப்பு தெரியும் இடத்தை அழுத்தக் கூடாது. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி, மயங்கி விழ வாய்ப்புண்டு.

கோட்னிஸின் தோழர் கொண்டுவந்த ஊசி

இந்தப் புள்ளி வைத்தியம் இந்தியாவுக்கு வந்த கதையில், ஒரு போரும் ஒரு நட்பும் இருக்கின்றன.

1938-ல் ஜப்பானின் படையெடுப்பால் சீனா நிலைகுலைந்திருந்தது. சீனத் தளபதி சூ டே, மருத்துவ உதவி கேட்டு நேருவுக்கு எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். காங்கிரஸ் சார்பில் ஐந்து மருத்துவர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ். போர்முனையில் இரவு பகலாக அறுவை சிகிச்சை செய்து, அங்கேயே குவோ சிங்லான் என்ற செவிலியரை மணந்து, 1942 டிசம்பரில் 32 வயதில் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். இன்றும் சீனாவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அந்த ஐவரில் இன்னொருவர் வங்காளத்தைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் மறுபடியும் சீனா போனார். இம்முறை அங்கே அக்குபங்சர் கற்றுக்கொண்டு திரும்பி, 1959-ல் கொல்கத்தாவில் ஊசி சிகிச்சையைத் தொடங்கினார். கொடுக்கப் போனவர், ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார். கோட்னிஸின் பெயரில் அமைந்த நினைவுக் குழு வழியாகவும் அந்த வைத்தியம் நாட்டில் பரவியது.

2003-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019-ல் தனி மருத்துவ முறையாகவும் அங்கீகரித்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பாசு எம்.பி.பி.எஸ். வழி வந்த டாக்டர். ஊசியைக் கற்றதற்காக அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்துக்கொண்டார்.

நம் ஊர் வர்மம்

உடம்பில் தொட்டால் பலன் தரும் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னது சீனர்கள் மட்டுமல்ல. நம் சித்த மருத்துவத்தில் வர்மம் இருக்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் அடிமுறை ஆசான்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கற்றுத் தருகிறார்கள். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்ம சிகிச்சையும் உண்டு.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதும் இரண்டு மரபுகளுக்கும் பொதுவானது. சீன வைத்தியர் பார்ப்பதும் அங்கேதான், நம் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் பார்ப்பதும் அங்கேதான்.

வர்ம ஆசான்கள் சீடனுக்கு முதலில் கற்றுத் தருவது புள்ளியை அல்ல, பொறுமையை. எந்த இடத்தை எப்போது தொடக் கூடாது என்று தெரியாதவன் கையில் வித்தையைக் கொடுக்க மாட்டார்கள். ஃபார்வர்டு மெசேஜில் விடுபட்டுப் போவது அந்த ‘எப்போது கூடாது’ என்ற பாதிதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நெய்குவான் பற்றி உலகம் முழுக்க ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் மிக உறுதியாகத் தெரியவந்த பலன், இதயம் சம்பந்தப்பட்டது அல்ல. குமட்டலும் வாந்தியும்தான். ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்தியைப் பற்றிய 59 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 7,667 பேரின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2015-ல் தொகுத்துப் பார்த்தது. இந்தப் புள்ளியைத் தூண்டுவது வாந்தியைக் குறைக்கிறது என்று தெரிந்தது. பயண வாந்திக்கு மணிக்கட்டில் கட்டும் பட்டை விற்கிறார்களே, அதில் இருக்கும் குமிழ் அழுத்துவதும் இந்த இடத்தைத்தான்.

இதயத்துக்கு? அதற்கும் ஒரு முக்கியமான ஆய்வு இருக்கிறது. சீனாவின் செங்டு நகர ஆய்வாளர்கள் தலைமையில், நாள்பட்ட நெஞ்சு வலி உள்ள 404 பேரிடம் நடந்தது. 2019-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் வெளியானது. நெய்குவானிலும், மணிக்கட்டுக்கு அருகில் உள்ள இன்னொரு இதயப் புள்ளியிலும் ஊசி போட்டவர்களுக்கு, போலி ஊசி போட்டவர்களைவிட நெஞ்சு வலி வரும் தடவைகள் குறைந்தன.

இந்தச் செய்தியின் முதல் பாதியை மட்டும் எடுத்துத்தான் வீடியோக்கள் சுற்றுகின்றன. மீதிப் பாதி இது:

ஒன்று, அந்த 404 பேருக்கும் வழக்கமான இதய மாத்திரைகள் நிறுத்தப்படவில்லை. ஊசி மாத்திரைக்குத் துணையாகத்தான் போடப்பட்டது.

இரண்டு, பயிற்சி பெற்றவர்கள் ஊசி போட்டு, மின்தூண்டலும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் பன்னிரண்டு முறை. கட்டைவிரலால் அழுத்துவது அதே அளவு பலன் தரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

மூன்று, அவர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே பரிசோதித்து, ‘இது நிலையான நெஞ்சு வலி’ என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நடந்தால் வரும், நின்றால் போகும் வகை. திடீரென்று வந்த மாரடைப்பு அல்ல.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில், இந்த இடத்தின் அடியில் ஓடும் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் நரம்புகளின் வேகம் தணிந்தது. ஆக, மணிக்கட்டுக்கும் இதயத்துக்கும் மூளை வழியாக ஒரு தொடர்பு இருப்பதை மறுக்க முடியாது. ஆனால், அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை மணிக்கட்டை அழுத்தித் திறக்கலாம் என்று எந்த ஆய்வும் காட்டியதில்லை.

குமட்டல் அடங்கினால் நிம்மதி இல்லை

இப்போது பஸ்ஸில் இருந்த ஃபிட்டரிடம் திரும்புவோம். அழுத்தியதும் குமட்டல் அடங்கியது என்றாரே, அது பொய்யில்லை. நெய்குவான் செய்யக்கூடியது அதுதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

மாரடைப்பு என்றால் சினிமாவில் காட்டுவது மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பலருக்கு அது நெஞ்சில் பாரமாக, மேல்வயிற்றில் எரிச்சலாக, தாடையிலோ இடது தோளிலோ முதுகிலோ வலியாக வருகிறது. குளிர் வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், வாந்தி, காரணம் தெரியாத பெரும் சோர்வு இவையும் மாரடைப்பின் அறிகுறிகளே. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே பெரிதாகத் தெரியாமல், இந்த மற்ற அறிகுறிகள் மட்டும் வரலாம்.

அப்படி வந்த குமட்டலை அழுத்தி அடக்கிவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் புகை வருகிறதே என்று மணியடிக்கும் கருவியை நிறுத்திவிட்டு, நெருப்பை அப்படியே விட்டதாக ஆகும். மணி நின்றுவிட்டது என்ற நிம்மதியில் படுத்துத் தூங்குவோம். உள்ளே இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

சோடா குடிப்பது, இஞ்சிச் சாறு குடிப்பது, வேகமாக இருமுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று ஒரு மெசேஜ் பல வருடங்களாகச் சுற்றுகிறது. அதுவும் தவறு.

அழுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு

சீன மருத்துவத்தில் ‘டான்சோங்’ என்று ஒரு புள்ளி இருக்கிறது. இரண்டு மார்புக்காம்புகளுக்கும் நடுவில், நெஞ்செலும்பின் மேல். நெஞ்சுப் படபடப்புக்கு அங்கே மெதுவாகத் தடவிக்கொடுக்கச் சொல்வார்கள்.

ஏறக்குறைய அதே இடத்தை நவீன மருத்துவமும் அழுத்தச் சொல்கிறது, மெதுவாக அல்ல. ஒருவர் மயங்கி விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல் வேகமாக அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. இதுதான் சி.பி.ஆர். ஓர் உயிரைக் காப்பாற்ற அழுத்த வேண்டிய புள்ளி எது என்று கேட்டால், அது இதுதான்.

பெரிய தொழிற்சாலைகளில் தீயணைப்புப் பயிற்சி நடப்பது போல, இந்தப் பயிற்சியையும் ஒவ்வொரு ஷிப்டிலும் நான்கு பேருக்காவது கொடுத்து வைப்பது நல்லது.

“பெங்களூருக்கே போயிடலாம்” என்ற யோசனை

ஓசூர் பக்கத்துக் குடும்பங்களில் நெஞ்சு வலி என்றதும் முதலில் வரும் பேச்சு, “ஜெயதேவாவுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்பதுதான். பெங்களூருவின் ஜெயதேவா இதய மருத்துவமனைக்கு இந்தப் பகுதியில் அவ்வளவு பெயர். அந்த நம்பிக்கையில் தவறில்லை. ஆனால், நடுவில் சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியையும் எலெக்ட்ரானிக் சிட்டியையும் ஆபீஸ் நேரத்தில் தாண்டியவர்களுக்கு அந்த 40 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

முதலில் போக வேண்டியது, இ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்கு. போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. மாரடைப்பு என்று தெரிந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். சின்ன மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் இப்படி இணைத்து, தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2017-ல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தார்கள். அதே மருந்து, அதே சிகிச்சைதான். சரியான ஆளை, சரியான நேரத்தில், சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பலன் அது.

தமிழக அரசு 2023 ஜூனில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் அந்தத் திட்டம். தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் அந்தப்பக்கம் மலையோரக் கிராமங்களில் இருப்பவர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய விஷயம். மாத்திரைகளை அங்கிருப்பவர்கள்தான் பார்த்துத் தர வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடுவதெல்லாம் வேண்டாம். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடலாம்.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

மாரடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. அதற்குப் பல வருடங்கள் முன்பே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவிகிதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கும் மேல்.

இதை எதிர்கொள்ளக் கிளம்பிய ஒரு பெரிய திட்டத்தின் முதல் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் திட்டம். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டமும் தொடங்கியது.

ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை இன்னும் அவசியம். 20 லட்சம் பேருக்கு மேல் உள்ளடங்கிய 34 ஆய்வுகளை 2012-ல் தொகுத்துப் பார்த்தபோது, ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 23 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது. தூக்கம் கெடுவது, நேரம் தப்பிய சாப்பாடு, பீடி, சிகரெட், டீக்கடை பஜ்ஜி எல்லாம் சேர்ந்த விளைவு.

இந்த இடத்தில்தான் மணிக்கட்டுப் புள்ளிக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. தினமும் பி.பி. மாத்திரை போட்ட கையோடு இரண்டு நிமிடம் உட்கார்ந்து நெய்குவானைத் தேய்த்து, மெதுவாக மூச்சு விட்டுப் பழகலாம். மெதுவான மூச்சு மனதை அமைதிப்படுத்தும், ரத்த அழுத்தத்தையும் ஓரளவு தணிக்கும். தேய்க்கும் பழக்கம் மாத்திரையை நினைவூட்டும், மாத்திரை தேய்ப்பதை நினைவூட்டும். ஆனால், புள்ளியை நம்பி மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

விரலை அப்படியே கட்டைவிரல் பக்கம் நகர்த்தினால் நாடித் துடிப்பு தட்டுப்படும். உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. எண்ணும்போது துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தால், ஒரு நாள் லீவு போட்டாவது இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

பஸ் மறுபடியும் ஓடட்டும்

அதே காலை. அதே பஸ். ஃபிட்டருக்கு வியர்க்கிறது.

“என்னண்ணா, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது?”

“நெஞ்சுல என்னமோ கனமா இருக்குப்பா. கேஸா இருக்கும்.”

“கேஸோ என்னமோ, டாக்டர் சொல்லட்டும்ணா.” பக்கத்து இருக்கைக்காரர் டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். “அண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க. அண்ணனுக்கு நெஞ்சு வலி.” பின் இருக்கைப் பையன் அதற்குள் 108-ஐ அழைத்துவிட்டான். எந்த ரோடு, எந்தக் கடைக்கு எதிரில் என்று தெளிவாகச் சொல்கிறான். ஃபிட்டரை எழுந்து நடக்க விடவில்லை. சட்டை மேல் பட்டனைத் தளர்த்தி, சாய்த்து உட்காரவைக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் போன் செய்கிறார்: “பயப்படாதீங்கக்கா, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. பி.பி. மாத்திரைச் சீட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா” என்று ஃபிட்டர் முனகுகிறார்.

“ஒண்ணும் இல்லைன்னா ரொம்ப நல்லது. இ.சி.ஜி. எடுத்துட்டு, இடையில டீ குடிச்சுட்டு, வீட்டுக்குப் போலாம்.”

ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்து இருக்கைக்காரர் அவர் கையைத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் மூன்று விரல் தள்ளி, மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். தேய்க்கட்டும். அதில் தப்பே இல்லை.